காதுக்காரர் டயர் வாங்கிய கதை

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். காது பரிசோதிக்கிறவர் வீட்டைப் பற்றி ஒரு பழமொழியும் இல்லை. இருந்திருந்தால் அது இவரை வைத்துத்தான் வந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாம் மாடியில், சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நம் வயிறு பேசுவது நமக்கே கேட்கும். அதில் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்பார். பிறகு தன் வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு மெல்லிய குரலில் வார்த்தைகள் சொல்லுவார். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக இதுதான் பிழைப்பு. அந்த அமைதியிலேயே இருந்து இருந்து மனுஷன் கொஞ்சம் சுகவாசியாகிவிட்டார். வெளியே நாலு பேர் சேர்ந்து பேசினால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. காதில் குறை ஒன்றும் இல்லை, பழக்கம்தான் இல்லை.

வீட்டிலோ, அட ராமா! அப்பாவுக்குக் காது மந்தம். ஊருக்கெல்லாம் காதில் மெஷின் மாட்டிவிடுகிற மகன் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுன்னு பேசறீங்க" என்று பெரியவர் ஒரே அடம். டிவி வைத்தால் தெருக்கோடி வரை செய்தி கேட்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே காதுக்காரரின் பையன் போனில் கத்துவான், பெண் அவனைப் பார்த்துக் கத்துவாள். புருஷனும் பொண்டாட்டியும் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் குளியலறைக்குத்தான் போக வேண்டும்.

அந்தப் பொண்டாட்டி பார்க்கிற வேலை என்ன தெரியுமா? பெரிய ஹோட்டல் ஒன்றில் சலவைப் பிரிவுக்கு மேற்பார்வை. தரைக்குக் கீழே ஒரு கூடம், வரிசையாக ராட்சச மெஷின்கள், நாள் முழுக்க இரைச்சல். அங்கே யாரும் கத்துவதில்லை. கத்திப் பிரயோஜனமில்லை என்று முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வார்கள். உதட்டைப் பார்த்தும் முகத்தைப் பார்த்தும் பேசிக்கொள்வார்கள். அந்த அம்மாள் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து ஒருத்தியின் முகத்தைப் பார்த்தே, சொன்னது புரிந்ததா, இல்லை சும்மா தலையாட்டுகிறாளா என்று சொல்லிவிடுவாள்.

இந்த லட்சணத்தில்தான் நம்ம ஆள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். அது வந்த கதையே தனி. காரின் பழைய சொந்தக்காரர் இவரிடம் காது காட்ட வந்தவர். இவர் மாட்டிவிட்ட மெஷினோடு வெளியே போய்த் தன் காரை ஓட்டினார், அதன் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டார், மறுநாளே விற்கக் கிளம்பிவிட்டார். சிவப்புக் கலர், தாழ்வான உடம்பு, இரண்டே இருக்கை. அந்த இரண்டில்தான் காதுக்காரர் மயங்கினார். அப்பா ஏற முடியாது, பிள்ளைகள் ஏற முடியாது, டிவியை ஏற்ற முடியாது. தானும் அவளும் மட்டும்!

"இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்டாள் மனைவி. ஆனால் ஏறி உட்கார்ந்தாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஹோட்டல் வாசலிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு, நேரே வீட்டுக்கு வராமல் ஏரியைச் சுற்றிக்கொண்டு வருவார். அவள் வழி நெடுகப் பேசுவாள். கையை ஆட்டி ஆட்டி, சிரித்து, சிடுசிடுத்து, அப்படி ஒரு பேச்சு. காதுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஒரே ஒரு குறை. அவருக்கு அதில் ஒரு வார்த்தை கேட்காது.

எல்லாம் டயர் செய்த வேலை. அசலில் உயர்ந்த டயர்தான், வேகமாகப் போகிறவர்களுக்கென்று செய்தது. ஆனால் பழைய சொந்தக்காரர் காலத்திலிருந்தே மாற்றாமல் கிடந்து, ரப்பர் இறுகிக் கல்லாகிவிட்டது. கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், தரையிலிருந்து ஒரு ஊளை கிளம்பி இருக்கை வழியாக ஏறி மண்டைக்குள் குடியேறும். 'என்ன சொன்ன?' என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்க அவருக்கு வெட்கமாகிவிட்டது. காது பார்க்கிறவனுக்கே காது கேட்கவில்லையா என்று கேட்டுவிட்டால்? அதனால் அவள் முகம் தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே, "ஆமா ஆமா" என்பார்.

இதில் கொடுமை என்னவென்றால், இதே விஷயத்தைத்தான் அவர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் வீட்டாருக்குப் பாடமாக எடுப்பார். "காது கேக்காதவங்க 'இல்ல'ன்னே சொல்ல மாட்டாங்கம்மா. 'இல்ல'ன்னா 'ஏன்'னு கேப்பீங்க, மாட்டிக்குவாங்க. அதனால எல்லாத்துக்கும் 'ஆமா'தான். ஏமாந்துடாதீங்க." ஊருக்கு உபதேசம்!

ஒருநாள் ஏரிக்கரையில் அவள் வழக்கம்போலப் பேசிக்கொண்டு வந்தவள், திடீரென்று நிறுத்தினாள். திரும்பி உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்து, ஏதோ ஒன்று கேட்டாள். ஒரே வாக்கியம். காதுக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஆமா ஆமா, நல்ல விஷயம்தானே" என்றார். பத்தாததற்குக் கட்டை விரலையும் தூக்கிக் காட்டினார். அவள் நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "சரி. நீங்களே சொல்லிட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து பஸ்ஸிலேயே போய்வர ஆரம்பித்தாள். கூப்பிட்டால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பாள். வாரக் கடைசியில் பரண்மேல் இருந்த பெரிய பெட்டி கீழே இறங்கியது. அதைத் துடைத்து, திறந்து, மாடியில் வெயிலில் வைத்தாள்.

காதுக்காரர் பின்னாலேயே மாடிக்கு ஏறினார்.

"எதுக்கும்மா பெட்டி?"

"காயட்டும்னு வச்சேன்."

"இல்ல... அன்னிக்குக் கார்ல பேசினோமே, அது விஷயமா..."

"அதான் பேசி முடிச்சாச்சே. நான் கேட்டேன், நீங்க சரின்னீங்க. இன்னும் என்ன?"

"ஆமா ஆமா" என்றார். வேறென்ன சொல்வார்? என்ன கேட்டாய் என்று கேட்டால், அன்றைக்குக் கேட்கவில்லை என்றாகும். அன்றைக்குக் கேட்கவில்லை என்றால், இத்தனை நாளும் கேட்கவில்லை என்றாகும். பொண்டாட்டி மனம் விட்டுப் பேசியதற்கெல்லாம் பொம்மை மாதிரி தலையாட்டியிருக்கிறோம் என்று தன் வாயால் சொல்ல மனுஷனுக்குத் தைரியமில்லை. அதே சமயம் எதற்குச் சம்மதித்தோம் என்று தெரியாமல் சோறும் இறங்கவில்லை. மாமியார் வந்து தங்குவதற்கா? பிரிந்து போவதற்கா? யாராவது கட்டை விரலைத் தூக்கிக் காட்டி விவாகரத்துக்குச் சம்மதிப்பார்களா? சம்மதித்திருக்கிறாரே ஒருத்தர்!

மூன்று நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அவளை மறுபடி காரில் ஏற்ற வேண்டும். அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்க வேண்டும். இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் கேட்க வேண்டும். ஆகவே டயரை மாற்ற வேண்டும்.

டயர்க்கடைக்காரர் சிவப்புக் காரைப் பார்த்ததுமே எழுந்து வந்துவிட்டார். தொப்பையைத் தடவியபடி சுற்றி வந்து, குனிந்து ஒரு டயரை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"என்ன சார் இது, டயரா பாறாங்கல்லா? பாவம் இந்த வண்டி, புலியைக் கொண்டுபோய் மரக்கட்டைச் செருப்புல நடக்க விட்டிருக்கீங்க. வாங்க, வெயில் காலத்துக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன். சூடான ரோட்ல போட்டுப் பாருங்க, பசை தடவின மாதிரி பிடிக்கும். எந்த வளைவுலயும் அசையாது. கொஞ்சம் சீக்கிரம் தேயும். தேய்ஞ்சா என்ன, சந்தோஷமா தேயட்டும்!"

"சத்தம் எப்படி?"

"சத்தமா? அருமையா இருக்கும் சார். உறுமும்!"

"உறுமக்கூடாது" என்றார் காதுக்காரர்.

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இரண்டாவதைக் காட்டினார். அது மழை ரோட்டில் கெட்டிக்காரன், தண்ணீரைப் பிரித்துத் தள்ளிவிட்டு நிற்கும் என்றார். அதற்கும் காதுக்காரர், "பக்கத்துல இருக்கறவங்க பேசினா கேக்குமா?" என்றார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. டயர் ரோட்டைப் பிடிக்கணுமா, வீட்டம்மா பேச்சைப் பிடிக்கணுமா?"

"பேச்சைத்தான். அதுக்கப்புறம் ரோடு."

கடைக்காரருக்கும் கல்யாணமாகிப் பல வருஷமாகிவிட்டது. பிறகு உள்ளே போய் மூன்றாவதாக ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். இதுவும் வேகக் காருக்கானதுதான், ஆனால் கொஞ்சம் சாது. பிரேக் பிடித்தால் சொன்ன இடத்தில் நிற்கும், வளைவில் மட்டும் முதல் டயர் அளவுக்குப் பறக்க முடியாது. டயருக்குள்ளே கையை விடச் சொன்னார். உள்வயிறு முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. சத்தத்தைக் குடித்துவிடுமாம்.

காதுக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தன் அறைச் சுவரே சுருண்டு டயருக்குள் படுத்திருக்கிறதே! "பஞ்சரானா ஸ்பாஞ்சைச் சுரண்டிட்டுத்தான் ஒட்டணும், அது ஒரு தலைவலி" என்று கடைக்காரர் எச்சரித்ததெல்லாம் காதில் ஏறவில்லை. ஆனாலும் தொழில் புத்தி விடுமா? சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று நின்றார்.

நல்லவேளை, அந்த உறுமல் டயர் கடைக்காரரின் சொந்த வண்டியிலும், ஸ்பாஞ்சு டயர் அவர் மருமகன் வண்டியிலும் இருந்தன. "வண்டிக்கு வண்டி மாறும் சார்" என்று சொல்லிப் பார்த்தார். "ஓரளவு தெரிஞ்சா போதும்" என்று காதுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். ஓட்டப்போவது இவர். கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைக் கையால் மூடி, மெல்லிய குரலில் ஏதாவது சொல்ல வேண்டும். இவர் கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வார். டயர் வாங்க வருகிறவர்களில் எத்தனையோ கிறுக்கைப் பார்த்த மனுஷன், இதையும் பார்த்துவிடுவோம் என்று ஏறி உட்கார்ந்தார்.

முதலில் கடைக்காரர் வண்டி, அதில் சொன்ன வார்த்தைகளில் பாதிக்கு மேல் தேறவில்லை. அடுத்தது மருமகன் வண்டி. தன் வண்டியை யாரோ ஓட்டுவதாவது என்று மருமகனும் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். ஏறினவன் போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"கதவு" என்றார் கடைக்காரர், கைக்குள்.

"கதவு" என்றார் காதுக்காரர்.

"நாற்காலி."

"நாற்காலி."

"எறும்பு. சாவி. தலைவலி."

"எறும்பு, சாவி, தலைவலி. பிரமாதம்! நிறுத்தாதீங்க, இன்னும் மெதுவா, என்ன தோணுதோ சொல்லிக்கிட்டே வாங்க."

என்ன தோணுதோ சொல்லச் சொன்னால் மனுஷனுக்கு என்ன தோன்றும்? வாயை மூடிக்கொண்டு பேசுகிற சுகம் கடைக்காரருக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. பின்னால் இருக்கிறவனுக்கு எங்கே கேட்கப் போகிறது என்ற தைரியம் வேறு. முணுமுணுத்தார். காதுக்காரரோ முழுத் தொழில் பக்தியோடு, ரோட்டைப் பார்த்தபடி, கணீரென்று திருப்பிச் சொன்னார்:

"'மாப்பிள்ளைன்னு ஒண்ணு வாய்ச்சிருக்கு.' சரியா? 'கடைக்கு வந்தா போனை நோண்டுது. இதை நம்பி நான் எப்படிக் கடையை விட்டுட்டுப் போறது? பொண்ணு அழுவாளேன்னு பாக்கறேன்.' சரிதானே? ஒரு எழுத்து விடலையே!"

சிக்னல் விழுந்தது. வண்டி நின்றது. ஸ்பாஞ்சு டயர் அல்லவா, ஊசி விழுந்தால் கேட்கும்.

"மாமா?" என்றது பின்சீட்டு.

"டயர் நல்ல டயர் சார்" என்றார் கடைக்காரர், நேரே பார்த்துக்கொண்டு. "இதையே போட்டுடலாம்."

கடைக்குத் திரும்பினதும் மருமகன் போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஜாக்கியை எடுத்துவந்து, சிவப்புக் காரின் நாலு சக்கரத்தையும் தானே கழற்றினான். முன்னால் போடுவது ஒரு அளவு, பின்னால் அதைவிட அகலம். 'வெளிப்பக்கம்' என்று டயரிலேயே போட்டிருக்கிற பக்கம் வெளியே வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். கடைக்காரர் இதைத் தூரத்திலிருந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது காதுக்காரரிடம், "புது ரப்பர் சார், ஆரம்பத்துல வழுக்கும். கொஞ்ச நாள் பதமா ஓட்டுங்க" என்றவர், குரலைத் தாழ்த்தி, "வீட்லயும்தான்" என்றார்.

மறுநாள் காலை. மனைவி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். சிவப்புக் கார் அவள் காலடியில் வந்து நின்றது. வந்து நின்றதே அவளுக்குத் தெரியவில்லை.

"ஏறும்மா. ஹோட்டல்ல விட்டுடறேன்."

"பஸ் வந்துடும்."

"தயவுசெஞ்சு ஏறு." அவர் குரல் ஒரு மாதிரி இருந்ததோ என்னவோ, ஏறிவிட்டாள்.

கார் வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே அப்படியொரு அமைதி. அவள் பை மடியில் உரசுவது கேட்டது, வளையல் கேட்டது, மூச்சு கேட்டது. கேட்காதது ஒன்றே ஒன்று, அவள் பேச்சு. வாயே திறக்கவில்லை. காதுக்காரர் வேண்டுமென்றே ஏரிப் பக்கம் திருப்பினார். ஏரியும் வந்தது, போய்க்கொண்டும் இருந்தது. செய்த செலவெல்லாம் வீணா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் கடைசியில்.

"டயர் மாத்திட்டேன்."

"ஏன் மாத்தினீங்க? அது பாட்டுக்கு நல்லாத்தானே இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா? நீ பேசறது ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கேக்கலை. தெரியும்."

கார் ஒரு ஓரமாகப் போய் நின்றது.

"தெரியுமா?"

"முகத்தைப் பாத்தா தெரியாதா? மெஷின் ஓடற கூடத்துல பாதி ஆயுசு போயிருக்கு எனக்கு. கேக்காதவங்க சிரிக்கிற சிரிப்பு தெரியாதாக்கும்?"

"அப்ப தினமும் அவ்வளவு பேசினியே!"

"கேக்காதுன்னுதான் பேசினேன்!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்ல டிவி, வேலைல மெஷின். மனசுல இருக்கறதை எங்கதான் கொட்டறது? உங்க அப்பாவைத் திட்டினேன், எங்க மேனேஜரைத் திட்டினேன், உங்களைத்தான் ஜாஸ்தியா. உங்களுக்குப் புத்தியே கிடையாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா? ஆமா ஆமான்னு எவ்வளவு அழகா ஒத்துக்கிட்டீங்க!"

காதுக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "அந்தக் கடைசி நாள்? அன்னிக்கு என்ன கேட்ட?"

அவள் சிரிப்பு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கடற்கரை ஊர்ல எங்க ஹோட்டலுக்குப் புதுக் கட்டடம் வருது. அங்க சலவைப் பிரிவை முதல்லேர்ந்து ஆரம்பிச்சுக் கொடுக்கணும். ஒரு வருஷம் அங்கேயே இருக்கணும். என்னைப் போகச் சொல்றாங்க. எனக்கு ஆசையா இருக்குங்க. ரொம்ப ஆசையா இருக்கு. நேரா கேட்டா நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க. கார்ல கேட்டா ஆமான்னுதான் வரும்னு தெரியும். அதனாலதான் அங்க கேட்டேன்."

"திருடி!"

"திருட்டுதான். ஆனா அந்தத் திருட்டு ஆமாவை வச்சுக்கிட்டு என்னால மேனேஜர்கிட்ட சரின்னு சொல்ல முடியலை. பெட்டியை வெயில்ல வச்சேன், அவ்வளவுதான். பஸ்ல போகும்போதெல்லாம் அதே யோசனை. இன்னிக்குப் பதில் சொல்லணும். இப்ப நிஜமா கேக்கறேன். நான் போகட்டுமா?"

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுந்தது. வாழ்நாளில் அவர் காதில் எதுவும் இவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை. காதுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன? சரியா கேக்கலை" என்றார்.

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

"கேட்டுச்சு" என்று ஒப்புக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் பிடிக்கலை. ஒரு வருஷம் நீ இல்லாம அந்த வீட்டை நினைச்சுக்கூடப் பாக்க முடியலை. போகாதேன்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது. ஆனா நீ போம்மா. உனக்கு ஆசையா இருக்குல்ல, போ. ரெண்டையும்தான் சொல்றேன், ரெண்டையும் கேட்டுக்கோ."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏரிக்கரையில் நடக்க வந்தவர்கள், ஓரமாக நின்ற சிவப்புக் காருக்குள் நடுத்தர வயசுப் புருஷனும் பொண்டாட்டியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பதை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நான் வாராவாரம் வந்துடுவேன்" என்றார் காதுக்காரர் வண்டியைக் கிளப்பியபடி. "நல்ல ரோடு, டயரும் புதுசு. வெள்ளிக்கிழமை கிளம்பினா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடலாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உன்கூடவே இருக்கலாம்."

அவள் மடியில் இருந்த பையைச் சரியாக வைத்துக்கொண்டாள். பிறகு மிகவும் மெதுவாக, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்:

"வாராவாரம் எதுக்கு... மாசம் ரெண்டு தடவை வந்தா போதும். எனக்கும் கொஞ்சம் நிம்மதி வேணும்ல."

அதுவும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.